உருத்தடையா, உடம்படுநிலையா?

பெரம்பூரிலிருந்து:

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு, வணக்கம்.

ஞாயிறுதோறும் எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் கூடி, மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாடும் பிள்ளைகளுக்காக 12 பக்க விதிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதைத் திருவல்லிக்கேணியில் உள்ள அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். நகர்வு, பார்வைக்கோடு, தாக்கெல்லை ஆகியவற்றுக்கெல்லாம் ஒருவாறு சொல் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் வழிக்கு வர மறுக்கிறது.

பொம்மை ஒவ்வொன்றும் வட்டமான அடித்தட்டில் ஒட்டப்பட்டிருக்கும். எங்கள் விதிப்படி இடத்தை அடைத்துக்கொள்வது அந்தத் தட்டு மட்டுமே. ஆனால் ஈட்டியும் சிறகும் நீட்டிய கையும் தட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சென்ற ஞாயிறு, 32 மி.மீ. தட்டில் நின்ற ஈட்டிக்காரன் ஒருவனைப் பகைவனோடு தட்டும் தட்டும் பொருந்த நிறுத்த வேண்டியிருந்தது. ஈட்டி முனை எதிராளியின் கேடயத்தில் இடித்ததால், இரண்டு தட்டுகளுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. தொட்டாயிற்று என்றான் ஒருவன். தொடவே இல்லை என்றான் மற்றவன். அதே நாளில், தெர்மக்கோலால் செய்த இடிந்த கட்டடத்தின் மாடி விளிம்பில் நிறுத்தியிருந்த வில்லாளி மின்விசிறிக் காற்றுக்கே கீழே விழுந்தான். மூன்று வாரம் உட்கார்ந்து தீட்டிய முகத்தில் வண்ணம் பெயர்ந்துவிட்டது.

இத்தகைய நேரத்தில், பொம்மை நிற்க வேண்டிய இடத்தில் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டு, அதைப் பத்திரமாக வேறிடத்தில் நிறுத்தி, அங்கேயே நிற்பதாகக் கொள்வோம் என்று இருவரும் ஒத்துக்கொள்வதே வழக்கம். வார்ஹாமர் 40,000 என்ற பொம்மைப் போர் விளையாட்டை ஆடுவோர் இதனை 'வாபிளி மாடல் சிண்ட்ரோம்' (தள்ளாடும் பொம்மைக் கோளாறு) என்பார்கள். எனக்கு வேண்டியவை இரண்டு சொற்கள்: பொம்மையின் உடம்பு இடிப்பதற்கு ஒன்று, நிற்பதாகக் கொள்ளும் இடத்திற்கு ஒன்று. 'மோதல்' என்றே எழுதிவிடலாமா?

குரோம்பேட்டையிலிருந்து:

ஐயா, 'மோதல்' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மீட்சி மோதல், மீட்சியற்ற மோதல் என்று பாடநூலில் அச்சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. அங்கே மோதுகிற பொருளுக்குத் திசைவேகமும் உந்தமும் உண்டு. உங்கள் ஈட்டிக்காரனை ஒரு பையன் விரலால் மெல்லத் தள்ளுகிறான், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய இடர்ப்பாடு, உங்கள் விளையாட்டே இரண்டு படைகள் மோதுவதுதான். 'மோதல் நேர்ந்தால் பொம்மையை அகற்றுக' என்று நீங்கள் அச்சிட்டால், சண்டை தொடங்கிய உடனே பிள்ளைகள் பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

'சிண்ட்ரோம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு யாரும் 'தள்ளாட்ட நோய்க்குறித் தொகுப்பு' என்று தொடங்கிவிட வேண்டாம். அது ஆங்கிலத்தில் கேலிக்காக வைத்த பெயர். நாம் மொழிபெயர்த்தால் மருத்துவமனைச் சீட்டுப் போலாகிவிடும்.

மயிலாப்பூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். நேற்று இரவே எழுத நினைத்தேன். நூற்பாவைச் சரிபார்க்காமல் எழுதலாகாது என்று காலைவரை பொறுத்தேன்.

பெரம்பூர் நண்பர் கேட்கும் சொல் நம் இலக்கணத்தில் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்து ஒன்றோடொன்று பொருந்த முடியாமல் நிற்கும்போது இலக்கணம் என்ன செய்கிறது? நடுவே யகரத்தையோ வகரத்தையோ வைக்கிறது. மணி என்பதும் அடித்தது என்பதும் மணியடித்தது ஆகிறது. அந்த யகரத்திற்குத் தனிப் பொருள் கிடையாது. இரண்டையும் பொருத்தி வைப்பதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது. நண்பர் பொம்மைக்குப் பதிலாக மேசையில் வைக்கும் அடையாளமும் அதே வேலையைத்தான் செய்கிறது. இடையே வரும் அந்த யகர வகரங்களுக்கு நன்னூலார் கூறும் பெயர் உடம்படுமெய்.

இனிச் சொல்லின் வேரைப் பாருங்கள். உடம்படுதல் என்பது உடன்படுதலே. 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை' என்று குறள் தொடங்குவதும் (890) இப்பொருளில்தான். மனம் ஒத்துவராதவரோடு வாழ்வது ஒரே குடிசைக்குள் பாம்போடு தங்குவது போல என்கிறார் வள்ளுவர். எதிராளியின் ஒப்புதல் இல்லாமல் இந்த விதி செல்லாது என்று நண்பரே எழுதியிருக்கிறார். ஆக, ஒப்புதல் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. மேலோட்டமாகப் படிப்பவர் காதிலோ உடம்பும் உடம்பும் படுதல் என்று விழும். அது சொற்பிறப்பாகாது என்றாலும் நமக்கு இலாபமே. தொல்காப்பியரும் உடம்படுமெய்யின் உருபு 'கொளல் வரையார்' என்றார். கொள்வதை விலக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. பொம்மை ஒழுங்காக நின்றால் அடையாளம் எதற்கு?

ஆகவே அந்த இடத்திற்கு 'உடம்படுநிலை' என்று பெயரிடுமாறு பரிந்துரைக்கிறேன்.

அண்ணா நகரிலிருந்து:

ஐயாவின் விளக்கத்தை இருமுறை படித்து மகிழ்ந்தேன். ஆனால் கையேட்டைப் படிக்கப்போவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு உடம்படுமெய் என்றாலே தேர்வில் ஒரு மதிப்பெண் போனது நினைவுக்கு வரும். (பழையன கழிதல் பற்றிய நூற்பாவை யாரும் எடுத்துப் போட வேண்டாம், இக்குழுவில் அதைப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது.)

சொல்லைத் தேடுமுன் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 2012இல் வெளிவந்த எக்ஸ்-விங் விளையாட்டில் சிறு விண்கலங்களின் தட்டு 4 செ.மீ. சதுரம். நகரும் கலத்தின் தட்டு மற்றொன்றின் தட்டின்மேல் ஏறினால், அது விதிக்கு உட்பட்ட முட்டல். வந்த வழியே, தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படாத இடம்வரை கலத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தட்டு படாமல் இறக்கை மட்டும் இடித்தால் அதற்கு விளையாட்டில் எந்த விளைவும் கிடையாது. கலத்தைத் தாங்கும் குச்சியில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். முதலாவது ஆட்டத்தில் நடப்பது, இரண்டாவது மேசையில் நடப்பது. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப் பயிற்சி விளையாட்டில் வரைபடத்தின்மேல் கட்டைகளைத்தான் நகர்த்தினார்கள். கட்டைக்குக் கையும் இல்லை, ஈட்டியும் இல்லை, ஆகவே இந்தத் தலைவலியும் இல்லை. பொம்மை அழகாக ஆக ஆகத்தான் இது வளர்கிறது.

எனவே தட்டும் தட்டும் படுவது 'முட்டல்'. உருவம் குறுக்கே நிற்பது 'உருத்தடை'. அடையாளத்திற்கு 'இடக்குறி' போதும்.

மயிலாப்பூரிலிருந்து:

தம்பி, 'உருத்தடை' நோயைச் சொல்கிறது, மருந்தைச் சொல்லவில்லை. மேலும் உருத்தல் என்றால் சினத்தல் என்றும் பொருள் உண்டு. 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்ற சிலப்பதிகார அடியைக் கற்றவர்கள் 'உருத்து அடை' என்று பிரித்துவிட மாட்டார்களா?

அண்ணா நகரிலிருந்து:

பிரிக்கட்டும் ஐயா. மூன்று வாரம் வண்ணம் தீட்டிய பொம்மையை ஒருவன் தட்டிவிட்டால் எதிரே இருப்பவன் அடைவதும் அதுதான்.

குரோம்பேட்டையிலிருந்து:

நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வீட்டில் நவராத்திரிக் கொலுப் பெட்டியைத் திறந்து, செட்டியார் பொம்மைக்கு அருகில் குடை பிடித்த பொம்மை ஒன்றை நெருக்கி வைக்கச் சொல்லி என் மகளிடம் கொடுத்தேன். குடை செட்டியாரின் தலைப்பாகையில் பட்டது. "இடிக்குதும்மா" என்றாள். முட்டல் என்றோ தடை என்றோ அவள் வாயில் வரவில்லை. உருத்தடை என்று எழுதிக்காட்டிக் கேட்டதற்கு, "உருவம் தடுக்குது, அதானே?" என்றாள். உடம்படுநிலை என்றதும், உடம்பு சரியில்லாத நிலையா என்று கேட்டாள். ஐயா மன்னிக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

'இடிப்பு' என்றே வைத்துக்கொண்டால் என்ன?

பெரம்பூரிலிருந்து:

'இடிப்பு' எனக்கும் பிடித்திருந்தது, அம்மா. ஆனால் கையேட்டின் 5ஆம் பக்கத்தில் பீரங்கியால் கட்டடத்தை இடிப்பதற்குத் தனி விதி இருக்கிறது, இரண்டும் குழம்பும்.

இன்று வியாழன் இரவு. பதில் எழுதியவர்களில் இருவர் உருத்தடைக்குச் சம்மதம். ஒருவர் கடும் எதிர்ப்பு. மற்றவர்கள் வாயே திறக்கவில்லை, அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன். முட்டல், உருத்தடை, இடக்குறி என்ற மூன்றையும் வைத்து 7ஆம் பக்கத்தை இப்படி முடித்திருக்கிறேன்: 'உருத்தடை நேரும்போது, இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில் இடக்குறி வைத்து, பொம்மையை அருகே பாதுகாப்பாக நிறுத்துக. அளப்பதெல்லாம் இடக்குறியிலிருந்தே.' இடக்குறியாகப் பத்து ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் விட்டம் 27 மி.மீ.; எங்கள் சிறிய தட்டு 25 மி.மீ. என்பதால் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஈட்டிக்காரனின் 32 மி.மீ. தட்டுக்கு மட்டும் அட்டையை வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நாணயம் யாருக்கு என்பதற்கு விதி எழுதவில்லை. அதற்கும் ஒரு சண்டை வரும்.

ஐயாவின் சொல்லை அடிக்குறிப்பிலாவது சேர்க்கப் பார்த்தேன். பக்கத்தில் இடமில்லை.

மயிலாப்பூரிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடம்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்க. தாங்கள் இணைத்து அனுப்பிய மெய்ப்பைப் பார்த்தேன். 7ஆம் பக்கத்தின் தலைப்பில் 'உருதடை' என்றிருக்கிறது. தகர ஒற்று மிக வேண்டும். அச்சுக்குப் போகுமுன் அதையாவது திருத்திவிடுங்கள்.