வான்கோழிக்கு வில்லோடு போனால் கூப்பிடும் முறையையே மாற்ற வேண்டுமா?

மேடிசன்_மாறன்:

வணக்கம் நண்பர்களே. விஸ்கான்சினில் இருக்கிறேன். வசந்தகால வான்கோழி வேட்டைக்கு இது மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடமும் 12 கேஜ் ஷாட்கன் (ரவைகள் சிதறிப் பாயும் துப்பாக்கி), வருடத்துக்கு ஒரு சேவல் கிடைத்தது. போன இலையுதிர்காலத்தில் மானுக்காக ஒரு காம்பவுண்டு வில் வாங்கினேன். கையில் இருக்கிறதே, வான்கோழிக்கும் அதையே எடுத்துப் போகலாம் என்று ஏப்ரலில் கிளம்பினேன், அங்கேதான் வினை.

விடியும் முன் ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தேன். மரத்தில் அடைந்திருந்த சேவல் உடனே பதிலுக்குக் கத்தியது. 150 யார்டு இருக்கும். பெரிய ஓக் மரம் ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஸ்லேட்டில் (குச்சியால் உரசிக் குரல் எழுப்புகிற பலகை) மெதுவாக நாலு யெல்ப், அதாவது பெட்டை கூப்பிடுகிற சத்தம், போட்டேன். இறங்கி நேராக வந்தது. ஆனால் 35 யார்டில் சின்ன மேடு ஒன்று இருக்கிறது, அதன் மேல் நின்று தோகையை விரித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் இருபது நிமிடம் உலாத்தியது. அந்த 'ட்டூம்' என்கிற அதிர்வு என் நெஞ்சுக்குள்ளேயே கேட்கிறது! ஷாட்கன்னாக இருந்திருந்தால் அன்று மதியம் குழம்பு. வில்லில் நான் 20 யார்டுக்கு மேல் விட மாட்டேன் என்று முடிவோடு இருக்கிறேன். இன்னொரு தடவை கூப்பிடலாம் என்று வில்லை மடியில் கிடத்திவிட்டு ஸ்லேட்டுக்குக் கையை நீட்டினேன். 'பட்' என்று சேவலிடமிருந்து ஒரே ஒரு எச்சரிக்கைச் சத்தம். தோகை மடங்கியது, கழுத்து நீண்டது, ஆள் இல்லை.

இன்னும் அதிகமாகக் கூப்பிட்டிருக்க வேண்டுமா, இல்லை குறைவாகவா? ஷாட்கன்னுக்குச் செய்ததையே வில்லுக்கும் செய்கிறேனோ என்று சந்தேகம்.

ஓசார்க்_ஓணான்:

மிசௌரியிலிருந்து. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊர்ப் பறவையே எங்கள் ஊர்ப் பறவைதான். விஸ்கான்சினில் வான்கோழி அற்றுப்போய், 1976-ல் இங்கிருந்து 29 பறவைகளைக் கொண்டுபோய் வெர்னன் கவுண்டியில் விட்டார்கள், பதிலுக்கு நீங்கள் கொடுத்தது குரௌஸ் என்கிற காட்டுப் பறவை. அதனால் அவை எப்படி ஏமாற்றும் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். :)

உங்கள் சேவல் எந்தத் தப்பும் செய்யவில்லை. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் நின்று கத்தும், பெட்டைதான் தேடி வரும். நாம் அதைத் தலைகீழாக்கிச் சேவலை வரவழைக்கிறோம். அதனால் அது பெட்டையின் குரல் வந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் வரும், வந்து பார்க்கும், அங்கே பெட்டை இல்லை என்றால் 'நீயே வா' என்று நின்றுவிடும். உங்கள் மேடு அப்படிப்பட்ட இடம். ஷாட்கன்காரன் இதை வைத்துத்தான் பிழைக்கிறான்: பறவை முதலில் எட்டிப்பார்க்கிற இடம் 40 யார்டுக்குள் இருக்கும்படி உட்கார்ந்தால் போதும், அது தலையைத் தூக்கும்போது வேலை முடிந்தது. வில்லில் அந்த எட்டிப்பார்க்கிற இடம் 15 யார்டில் இருக்க வேண்டும், அப்படி ஒரு காடு எல்லோருக்கும் அமையாது.

அதனால் டெக்காய், அதாவது பொம்மைப் பறவை, வையுங்கள். நான் ஒரு பெட்டையும் ஒரு விடலைச் சேவலும் வைப்பேன், இங்கே ஜேக் என்பார்களே, அது. இரண்டும் என்னிடமிருந்து ஆறேழு யார்டுதான், சிரிப்பு வரும் அளவுக்குக் கிட்டே. ஜேக்கின் முகம் என்னைப் பார்த்து இருக்கும். பெரிய சேவல் சண்டைக்கு வரும்போது பெரும்பாலும் சுற்றிக்கொண்டு ஜேக்கின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அப்போது அதன் பின்பக்கம் உங்களுக்கு, விரித்த தோகை அதன் கண்ணை மறைக்கும். வில்லை இழுக்க அந்த இரண்டு மூன்று வினாடிதான் கிடைக்கும்.

கூப்பிடுவதைப் பற்றி: தூரத்தில் இருக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், வில்லோ துப்பாக்கியோ அதில் வித்தியாசம் இல்லை. டெக்காயை அது பார்த்துவிட்டது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் குரல் கொடுத்தால் அதன் கண் டெக்காயை விட்டு உங்கள் பக்கம் திரும்பும். நின்றுவிட்டால் மட்டும் 'க்ளக்' என்று ஒரே ஒரு மெல்லிய சத்தம், அல்லது பூனை மாதிரி ஒரு பர். அதற்கு டயஃப்ரம் என்கிற ஊதலைப் பழகியே ஆக வேண்டும், வாய்க்குள் வைக்கிறது, இரண்டு கையும் வில்லுக்கு. முதல் வாரம் குமட்டும். காரில் ஓட்டும்போது பழகுங்கள், வீட்டில் பழகி நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

ஹில்கன்ட்ரி_கண்ணன்:

ஓணான் அண்ணன் சொன்ன டெக்காய் விஷயம் சரி, ஆனால் மரத்தடியில் திறந்தவெளியில் உட்கார்ந்து வில் இழுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வான்கோழிக்கு மோப்பம் ரொம்பக் குறைவு, பதிலுக்கு எல்லாவற்றையும் கண்ணிலேயே கொடுத்துவிட்டான் கடவுள், தலையைத் திருப்பாமலே முக்கால் வட்டம் பார்க்கும், நிறமும் தெரியும். ஆனால் ஒரு விசித்திரம், நேற்று இல்லாத கூடாரம் இன்று வயல் நடுவில் நின்றாலும் அதைச் சட்டை செய்யாது. மான் மூன்று நாள் சந்தேகப்படும். ஆக, விரித்தால் நிற்கிற ஒரு பிளைண்ட், அதாவது மறைந்து உட்காருகிற கூடாரம், வாங்குங்கள், உள்ளே கறுப்புச் சட்டை, பின்பக்க ஜன்னல் எல்லாம் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சத்தில் உங்கள் நிழலுருவம் அப்படியே தெரியும்.

பிளைண்டுக்குள் போனால் ஆட்டமே வேறு. ஷாட்கன் என்றால் நடந்து, கூப்பிட்டு, பதில் வந்தால் அங்கேயே மரம் தேடி உட்கார்ந்து, வராவிட்டால் சுற்றிப்போய் வேறு பக்கம் கூப்பிடலாம். பிளைண்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் முதல் நாள் மாலையே அவை எங்கே அடைகின்றன, காலையில் எந்த வழியாக மேயப் போகின்றன என்று பார்த்து அந்த வழியில் உட்காருவேன். எங்கள் டெக்சாஸின் ரியோ கிராண்டே வகைப் பறவை நிறைய நடக்கும், அது போக நினைக்காத பக்கம் கூப்பிட்டால் மரியாதைக்கு ஒரு பதில் கத்திவிட்டுப் போய்விடும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து யெல்ப், நடுவில் மேய்கிற சத்தம் மாதிரி க்ளக், அவ்வளவுதான். விடியற்காலையை விடப் பத்து மணிக்கு மேல் எனக்கு ராசி, பெட்டைகள் முட்டைக்குப் போனபின் சேவல் தனியாகத் திரியும். நான் வில்லில் எடுத்த மூன்றில் இரண்டு ஒரு சத்தமும் இல்லாமல் வந்தவை, எட்டிப்பார்த்தால் டெக்காய் பக்கத்தில் நிற்கிறது.

பென்சில்வேனியா_பெரியசாமி:

பிளைண்டு சுமக்கச் சோம்பலா, மச்சானைக் கூட்டிப் போங்கள். நாங்கள் அப்படித்தான். வில் வைத்திருப்பவர் முன்னால், கூப்பிடுபவர் அவருக்கு நேர் பின்னால் முப்பது யார்டில். பறவை கூப்பிடுகிறவரைத்தான் தேடும், அவரிடமிருந்து 45 யார்டில் நின்றுகொண்டால் வில்காரருக்கு அது 15 யார்டு. உங்களை மாதிரி மேட்டில் நிற்கிற சேவலுக்கு இதுதான் மருந்து. நின்றுவிட்டால் கூப்பிடுகிறவர் எழுந்து பின்னால் நடந்துகொண்டே குரல் கொடுக்கலாம், பெட்டை கோபித்துக்கொண்டு போகிறது என்று நினைத்து ஓடி வரும்.

பொது நிலம் என்றால் ஒரு வார்த்தை: உடம்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் வேண்டாம். சேவல் தலையின் நிறங்கள் அவை. கத்துகிற சத்தம் கேட்டு அதை நோக்கித் தவழ்ந்து போகவும் வேண்டாம், அந்தப் பக்கம் கத்துவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

புதுசு_2:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு, ஃபோனில் பெட்டை சத்தத்தைப் போட்டு ஸ்பீக்கரை டெக்காய் பக்கத்தில் வைத்தால் ஆகாதா?

ஓசார்க்_ஓணான்:

பெரும்பாலான மாநிலங்களில் மின்னணுக் குரல் வான்கோழிக்குச் சட்டவிரோதம் தம்பி, அபராதம் கட்ட வேண்டிவரும். ஊரில் அந்தக் காலத்தில் கௌதாரி பிடிக்கிறவர்கள் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள், அதற்குப் பார்வை என்று பேர். இங்கே உயிருள்ள பறவையையும் அப்படி வைக்கக் கூடாது. வாய், கை, பிளாஸ்டிக் பொம்மை, இவ்வளவுதான்.

மேடிசன்_மாறன்:

எல்லோருக்கும் நன்றி. கை அசைந்ததுதான் தப்பு என்று நினைத்தேன், உட்கார்ந்த இடமே தப்பு என்று இப்போது புரிகிறது. மே மாதத்தில் ஒரு வாரத்துக்கு மீந்த பெர்மிட் ஒன்று கிடைத்திருக்கிறது, பிளைண்டும் ஆர்டர் போட்டாயிற்று. இன்னொன்று மட்டும்: தோகையை விரித்து நிற்கும்போது எங்கே குறி? ஷாட்கன்னில் கழுத்துதான், ஆனால் இதில்?

ஹில்கன்ட்ரி_கண்ணன்:

ஷாட்கன்னில் விரித்து நிற்கும்போது கழுத்து உள்ளே மடங்கியிருக்கும், அதனால் ஒரு கூர்மையான க்ளக் கொடுத்துத் தலையைத் தூக்க வைத்துவிட்டுச் சுடுவோம் இல்லையா, வில்லில் அதைச் செய்யாதீர்கள். தலை தூக்கினால் அடுத்த நொடி கிளம்பிவிடும். அது விரித்தபடி முதுகைக் காட்டினால் வாலிறகுகள் வந்து சேருகிற அடிப்பகுதி. பக்கவாட்டில் நின்றால் இறக்கை உடம்போடு சேருகிற இடம், காலுக்கு நேர் மேலே. நேராகப் பார்த்து நின்றால் நெஞ்சில் தாடி மாதிரி இறகுக் கொத்து முளைக்கிற இடத்துக்குச் சற்று மேல், ஆனால் நான் அதை விட மாட்டேன், திரும்பக் காத்திருப்பேன். பந்து மாதிரி தெரிவதில் பாதிக்கு மேல் இறகு, உயிர்நிலை உங்கள் முஷ்டி அளவுதான், அதுவும் நினைப்பதைவிடப் பின்னால் இருக்கும். பட்டதும் அகலமாக விரிகிற மெக்கானிக்கல் அம்பு முனை போடுங்கள். பட்ட பறவை மான் மாதிரி ரத்தத் தடம் விடாது, இறகே குடித்துவிடும், அதனால் எந்தப் பக்கம் ஓடியது என்பதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

மே மாதம் என்றால் உண்ணி. பேன்ட்டுக்கு முந்தின நாளே பெர்மெத்ரின் பூச்சிமருந்து அடித்துக் காயவையுங்கள். பிளைண்டு வந்ததும் வீட்டுப் பின்புறம் விரித்து, நாற்காலியில் உட்கார்ந்து வில்லை முழுக்க இழுத்துப் பாருங்கள், மேல் முனை கூரையில் இடிக்கிறதா என்று. எனக்கு இடித்தது, 12 யார்டில் சேவல் நிற்கும்போது.