குட்டையில் இருப்பது எந்த ஜிலேபி?

கேள்வி – கோபி பக்கத்துத் தோட்டக்காரர்

எங்கள் பண்ணைக்குட்டையில் போன ஆடியில் ஆயிரம் ஜிலேபி (திலேப்பியா) மீன் குஞ்சு விட்டேன். வேகமாக வளரும்படி மேம்படுத்திய ரகமான கிஃப்ட் ஜிலேபி என்று சொல்லித்தான் வியாபாரி கொடுத்தார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஒரு நாள் தவறியதில்லை. எட்டு மாதம் கழித்து வலை போட்டால் பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான் வருகிறது. கரையோரம் பொடிக்குஞ்சு மொய்க்கிறது. சிலது நல்ல கறுப்பு, தாடைக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளை. சிலது சாம்பல். சந்தையில் "எல்லாம் ஒரே ஜிலேபிதானுங்க" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சத்தி தம்பி

வாலைப் பாருங்கண்ணா. கோடு இருந்தால் கிஃப்ட், இல்லையென்றால் நாட்டு ஜிலேபி.

பவானிசாகர் வலைக்காரர்

தம்பி சொன்னது சரி. ஆனால் வால் சுருங்கியிருந்தால் கோடு தெரியாது. மீன் உயிரோடு இருக்கும்போதே வாலை விசிறி மாதிரி விரித்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். கிஃப்ட் என்பது நைல் ஜிலேபி வம்சம். அதன் வாலில் மேலிருந்து கீழாக, பவானி ஜமக்காளம் போல, வரிசையாகக் கோடு நிற்கும்.

நாம் நாட்டு ஜிலேபி என்கிறோமே, அதுவும் ஆப்பிரிக்க மீன்தான். மொசாம்பிக் ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்கு வந்தது. வாலில் அப்படிக் கோடு இருக்காது. நீங்கள் சொல்லும் கறுப்பு தனி ஜாதி இல்லை, இனப்பெருக்கச் சமயத்து மொசாம்பிக் ஆண். முதுகுத் துடுப்பிலும் வாலிலும் ஓரம் சிவந்திருக்கும். பெரிய ஆணுக்கு வாய் தடித்து நெற்றி குழிந்துவிடும். சாம்பல் நிறத்தில், விலாவில் மூன்று நான்கு கரும்புள்ளியோடு இருந்தால் பெரும்பாலும் அதன் பெட்டை.

இரண்டும் கலந்தும் குஞ்சு பொரிக்கும். அதனால் ஒரு மீனை வைத்து முடிவு கட்டாதீர்கள், பத்தைப் பாருங்கள்.

பொள்ளாச்சிக்காரர்

இங்கே சிலர் ஜிலேபியைக் கரிமீன் என்று விற்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்குப் பின்னால் அடித்துடுப்பில் முள்ளை எண்ணுங்கள். ஜிலேபிக்கு மூன்று, கரிமீனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று.

கோபி பக்கத்துத் தோட்டக்காரர்

காலையில் பத்து பிடித்தேன். ஏழில் கோடே இல்லை. இரண்டில் பளிச்சென்று இருந்தது, ஒன்றில் பாதி வால் வரைதான். கோடில்லாத பெட்டை ஒன்றைக் கையில் எடுத்ததும் வாயிலிருந்து மஞ்சள் முட்டையாகக் கொட்டியது. எட்டு மாதத் தீனிச் செலவை நினைத்தால் வயிறு எரிகிறது.

பவானிசாகர் வலைக்காரர்

வாயில் முட்டையை அடைகாக்கிற மீனுங்க அது. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டைக்கு வந்துவிடும். குட்டை நிறைந்து தீனி பங்கு போய்விட்டால் அப்புறம் எது வளரும்? எல்லாவற்றையும் பிடித்து விற்றுவிட்டு, சேறு வெடிக்கும் வரை குட்டையைக் காயவிடுங்கள். அடுத்து, பதிவு பெற்ற பண்ணையில் முழுக்க ஆண் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். கிஃப்ட் வளர்க்க நீங்களும் மீன்வளத் துறையில் பதிய வேண்டும். மிச்சம் மீதியைத் தயவுசெய்து கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.