புதுப்பிப்பு: ஸ்கூபா ரெகுலேட்டர் ஒருவழியாகச் சரியானது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஒரு கடையில் சர்வீஸ் செய்து வாங்கிய ரெகுலேட்டர் (டைவ் செய்யும்போது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுவிடத் தரும் கருவி), சிலிண்டரைத் திறந்த ஐந்தாவது நிமிடமே வாய்ப்பகுதியில் புஸ்ஸென்று காற்றை விட ஆரம்பித்தது, நம்பிக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடைசியில் புதுச்சேரியில் ஒருவரிடம் கொடுத்தேன். போனிலேயே மூன்று கேள்வி கேட்டேன்: என் மாடலுக்குக் கம்பெனிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா, ஒரிஜினல் கிட் (சர்வீஸில் மாற்றும் உதிரிபாகத் தொகுப்பு) போடுவாரா, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவாரா. மூன்றாவதற்குத் தயங்காமல், "தர்றேன் சார், பக்கத்துலயே உக்காந்து பாருங்க" என்றார். அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பிரஷர் கேஜ் மாட்டியதுமே குட்டு வெளிப்பட்டது. இடைநிலை அழுத்தம் (சிலிண்டரில் மாட்டும் முதல் நிலை குறைத்து அனுப்பும் காற்றின் அழுத்தம்) 9.5 பாரில் நிற்க வேண்டியது, மெல்ல மெல்ல ஏறி 11-ஐத் தாண்டியது. அந்த அழுத்தம் தாங்காமல்தான் இரண்டாம் நிலை (வாயில் வைக்கும் பகுதி) வால்வு திறந்துகொண்டிருக்கிறது. முதல் நிலையைப் பிரித்தால், உயர் அழுத்த சீட்டில் (காற்றை அடைத்து நிறுத்தும் சிறு பாகம்) நகத்தால் தடவினாலே தெரிகிற பள்ளம். முந்தைய கடை அதை மாற்றவே இல்லை. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சிலது மட்டும் புதுசு. பில்லில் என்னவோ 'முழு சர்வீஸ்'!

இப்போது 9.5-இல் அசையாமல் நிற்கிறது. அளவுகளைத் தாளில் எழுதியும் கொடுத்தார். முதலில் நீச்சல் குளத்தில் பார்த்தேன், அப்புறம் 12 மீட்டர் ஆழத்தில் ஒரு டைவ். எந்தத் தொந்தரவும் இல்லை. கிட் வந்துசேர மூன்று வாரம் ஆனதுதான் எரிச்சல்.