குசினிக்குள்ளால் போன சிவப்புக் கோடு: கரையோர வீட்டுக்காரர்களே, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். கடலரிப்பு ஆபத்து மதிப்பீட்டால் காணி, வீடு சம்பந்தமாக அலைந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

அப்பா வாங்கிய வளவு பத்துப் பேர்ச். மெரின் டிரைவ் என்ற கரையோர வீதிக்கு உட்பக்கம், இரண்டாவது வீடு. மேல்மாடி கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தோம். காணியை மதிப்பிட வந்தவர் ஒரு வரைபடப் பிரதியை மேசையில் விரித்தார். அதில் ஒரு சிவப்புக் கோடு, சரியாக எங்கள் குசினிக்குள்ளால் போயிற்று. கோட்டுக்குக் கடல்பக்கம் இருப்பதெல்லாம் அரிப்பு ஆபத்து வலயமாம். கூடவே இருந்த கடிதம் முழுக்கச் சிங்களம். பக்கத்து வீட்டு ரீச்சர் அக்கா வரிவரியாக வாசித்துச் சொன்னார். கடன் அத்தோடு நின்றது. "முப்பது வருஷமா இந்த அடுப்படியில நிக்கிறன் தம்பி, ஒரு சொட்டுக் கடல்தண்ணி இங்க வரேல்லையே" என்று அம்மா அன்றிரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

எனக்கு நித்திரை வரவில்லை. மகளின் அடிமட்டத்தை எடுத்து அந்தப் பிரதியில் வைத்துப் பார்த்தேன். அளவுத்திட்டம் 1:10,000. அதாவது தாளில் ஒரு மில்லிமீற்றர், தரையில் 10 மீற்றர். கோட்டின் தடிப்பே ஒரு மில்லிமீற்றர் இருந்தது. எங்கள் வளவின் அகலம் 12 மீற்றர்தான்! பேனையின் தடிப்பு எங்கள் வீட்டையே மூடப் பார்க்கிறது.

அடுத்த ஞாயிறு எங்கள் ஒழுங்கையில் 14 வீட்டுக்காரர் மொட்டைமாடியில் கூடினோம். கடல் அரிக்காது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26ஐ மறந்தவர் யார்? கோட்டை எப்படி வரைந்தார்கள் என்பதே எங்கள் கேள்வி. எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை, அதற்கு வெளியே கருங்கல் அணை. அந்தக் கல்லையும் கணக்கில் எடுத்தார்களா? கரையை எந்த மாதத்தில் அளந்தார்கள்? இங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மணல் போய்விடும், மாசியில் திரும்பி வந்து கிடக்கும். யூலையில் ஒரு தரம் அளந்துவிட்டு அதையே வருடாந்த அரிப்பு என்று எழுதினால் கணக்குப் பிழைக்காதா? இன்னொன்று: கடல்மட்டம் உயர்ந்தால் கரை எவ்வளவு உள்வாங்கும் என்று கணிக்க 'புரூன் விதி' என்ற சூத்திரத்தைப் பல நாடுகளில் பாவிக்கிறார்கள். அது மணல் தாராளமாகக் கிடக்கும் திறந்த கரைக்கானது. கல் அடுக்கிய கரைக்கு அப்படியே போட்டால் விடை எப்படிச் சரிவரும்?

பெரியம்மாவின் மகள் நியூசிலாந்தில், வெலிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளிடம் சொன்னபோது, "அண்ணா, இங்க காபிட்டி கரையிலயும் இதே பிரச்சினைதான்" என்றாள். 2012இல் அங்குள்ள உள்ளூராட்சிச் சபை சுமார் 1,800 காணிகள் மீது அரிப்புக் கோடு போட்டு, காணி வாங்குவோருக்குக் கொடுக்கும் தகவல் அறிக்கையிலும் அதைச் சேர்த்தது. குடியிருப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து எதிர்த்தார்கள், வழக்கும் போனது. ஆபத்துத் தகவலைச் சபை சொல்லத்தான் வேண்டும், ஆனால் சொல்லும் விதம் நியாயமாக இருக்க வேண்டும் என்று 2013இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2014இல் சுயாதீன நிபுணர் குழு, சபையின் காணிப் பயன்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கும் அளவுக்கு அந்தக் கோடுகள் உறுதியானவை அல்ல என்றது. சபை கோடுகளை மீளப் பெற்றது. இதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு ஒரு தெம்பு வந்தது.

செய்தது இதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோட்டை வரைந்த அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதி, அளந்த திகதி, பயன்படுத்திய சூத்திரம், அணை கணக்கில் வந்ததா என்று மூன்றே மூன்று கேள்வி கேட்டோம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீடு செய்த பிறகு ஒரு பக்கப் பதில் வந்தது. அளந்தது ஓகஸ்டில், ஒரே ஒரு தரம். அணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாளைத்தான் இப்போது நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

—

கல்கிசையிலிருந்து: ஓகஸ்ட் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. 2020இல் எங்கள் கரையில் மணல் கொட்டினார்கள். பருவக்காற்றோடு அது கழுவுப்பட்டுப் போகிறது என்று எவ்வளவு பெரிய சர்ச்சை வந்தது, எல்லாரும் பார்த்தோம். இந்தக் கரை மாதத்துக்கு மாதம் மாறும் அண்ணா. கேள்வியை விடாதீர்கள்.

—

மொறட்டுவையிலிருந்து: நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப்போகிறேன், கோபிக்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டக்கூடாத வலயம் அறிவித்தார்கள். மாமாவின் வீடு அதற்குள் வந்தது. கட்டவும் விடவில்லை, மாற்றுக் காணியும் கிடைக்கவில்லை. தகரக் கொட்டிலில் மழைக்காலம் முழுக்க இருந்தோம். பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள், ஆனால் மாமி அதற்குள் ஊரை விட்டே போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் பின்வேலியையும் மூன்று தென்னைகளையும் கடல் கொண்டுபோனதை நான் கண்ணால் கண்டவன். கோட்டை அழிக்கச் சொல்லாதீர்கள், சரியாக வரையச் சொல்லுங்கள். உங்களுக்கு ரயில் பாதையும் கல்லும் இருக்கிறது. எங்களுக்கு வெறும் மணல்.

—

பம்பலப்பிட்டி, தொடர்மாடி: உயர் நீர்க் குறியிலிருந்து, அதாவது கடல் பெருகும்போது தண்ணீர் சராசரியாக ஏறும் எல்லையிலிருந்து, உட்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குள் கட்ட அனுமதி வேண்டும். இதையும் அந்த அரிப்புக் கோட்டையும் வங்கிக்காரர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். எங்கள் வீடு விற்பனை இதனால்தான் குழம்பியது. காணி உறுதிப் பத்திரத்தோடு பிளானையும் கொண்டுபோய் இரண்டும் வேறு என்று நேரில் விளக்குங்கள்.

—

மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து: மொறட்டுவை அண்ணா, நீங்கள் சொன்னதை ஞாயிறு கூட்டத்தில் அப்படியே வாசிக்கிறேன். அந்த அலுவலகத்துக்கு நாங்கள் எழுதும் கடிதத்திலும் கோட்டை 'நீக்கவும்' என்பதை வெட்டிவிட்டு 'மீள அளக்கவும்' என்று மாற்றுகிறோம். வருகிற மாசியில் ஒரு தரம், ஆடியில் ஒரு தரம், நில அளவையாளரைக் கூட்டிப்போய் ரயில் பாதையிலிருந்து நாங்களே அளக்கப்போகிறோம். பழைய கரைப் படங்கள் வைத்திருப்பவர்கள், பின்னால் திகதி எழுதியிருந்தால், தயவுசெய்து தாருங்கள். அப்பா 1987இல் எடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் கல் அணையும் அதன்மேல் குந்தியிருக்கும் நானும் தெரிகிறோம்.