பாலஸ்தீன நேய் குழலும் ஜாஸும்: சேர்ந்தால் எது கரைகிறது?

கானல்வரி:
நேற்று இரவு ஒரு கச்சேரிப் பதிவு கேட்டேன். பாலஸ்தீன நேய் குழல், கூடவே பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். எடுத்துக்கொண்டது "தல்ஊனா", ஊர்க் கல்யாணங்களில் கைகோத்து தப்கே ஆடும்போது வரும் மெட்டு. குழல்காரர் அருமையாகத் தொடங்கினார். பியானோ நுழைந்ததும் மெட்டு செத்துப்போனது.

காரணம் சொல்கிறேன். அந்த மெட்டு பயாத்தி மகாமில் இருக்கிறது. மகாம் என்றால் அரபு இசையில் நம் ராகம் மாதிரி. பயாத்தியின் உயிரே இரண்டாம் ஸ்வரம்தான். நம் கணக்கில் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் நிற்கும். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே இல்லை. பியானோ ஒரு பக்கம் இழுக்க, கொஞ்ச நேரத்தில் குழல்காரரும் அதோடு போய்விட்டார். மீதமிருந்தது ஒரு சாதாரண மைனர் ஸ்கேல். இதற்குக் கலப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாணற்குழல்:
அக்கா, நீங்கள் கேட்டது மோசமான ஒரு கச்சேரி. அதை வைத்து ஜாஸையே தள்ளிவிடாதீர்கள். 1958-ல் அஹ்மத் அப்துல் மாலிக் "ஜாஸ் சஹாரா" என்ற தட்டைப் பதிவு செய்தார். அவர் ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்கோடு வாசித்த பேஸ் கலைஞர். அதில் ஊத், கானூன் என்ற அரபுத் தந்தி வாத்தியங்கள், வயலின், கூடவே ஜானி கிரிஃபினின் சாக்ஸபோன். பியானோ கிடையாது. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்காமல் ஒரே மகாமில் நின்று விரியும் இசை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே யூசுஃப் லதீஃப் அர்கூல் என்ற இரட்டைக் குழலை ஜாஸ் தட்டில் வாசித்துவிட்டார்.

இன்னொன்றும் கவனியுங்கள். நேய் ஒரு சுருதிக்கு ஒன்று. அதனால்தான் நேய்க்காரர் ஒரு பை நிறையக் குழல்களோடு வருகிறார். எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை சுருதி மாறும் பாட்டில் அவரைத் தள்ளினால் திணறத்தான் செய்வார். ஒரே ஸ்கேலில் நிற்கும் மோடல் ஜாஸில் விட்டால், தக்ஸீம் (நம் ஆலாபனை மாதிரி) வாசிப்பது போலவே நிதானமாகக் கட்டி எழுப்புவார். ஆக, சிக்கல் பியானோவிலும் பாட்டுத் தேர்விலும் இருக்கிறது.

கட்டைவிரல்:
பியானோ வாசிப்பவன் என்பதால் இதில் நுழைகிறேன். எங்களை முழுக்க வெளியே அனுப்ப வேண்டாம். பயாத்தியை டி (D) ஸ்வரத்தில் தொடங்கினால், தகராறு செய்வது இரண்டாம் ஸ்வரமான ஈ (E) ஒன்றுதான். டி, எஃப், ஜி, ஏ எல்லாம் குழலோடு ஒத்துப்போகும். ஆனால் எங்கள் கைப்பழக்கம் டி மைனர் கார்டுக்குப் பிறகு ஏ செவன்த் கார்டு போடச் சொல்லும். அதற்குள் ஈ உட்கார்ந்திருக்கிறது. கானல்வரி கேட்ட பதிவில் அதுதான் நடந்திருக்கும். ஈ-யைத் தொடாமல் வாசிக்க முடியும், கஷ்டம்தான், ஆனால் முடியும். எக்காளக்காரர்கள் எங்களைவிட முன்னே போய்விட்டார்கள். இப்ராஹிம் மாலூஃப் கையில் இருப்பது கால் சுருதிக்காக (பியானோக் கட்டைகளுக்கு நடுவே விழும் ஸ்வரங்களுக்காக) நான்காவது வால்வு வைத்த எக்காளம், அவர் அப்பா உருவாக்கியது.

கானல்வரி:
சரி, ஈ பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. நன்றி தம்பி. ஆனால் என் மனத்தாங்கல் ஸ்வரத்தோடு முடியவில்லை.

அந்தக் குழல் ஆட்டக்காரர்களுக்காக ஊதப்படுவது. ஊதுபவர் வளையத்தின் பக்கத்தில் நிற்பார், முன்னால் ஆடுபவரின் காலைப் பார்த்து ஊதுவார். மிஜ்விஸ் என்ற இரட்டைக் குழல் என்றால் மூச்சே விடாமல் ஊதுவார், கன்னத்தில் காற்றைத் தேக்கி. ஜாஸ் கிளப்பில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். அப்புறம், இது எந்த ஊர் இசை என்பதை மறக்கக்கூடாது. 1948-ல் 400-க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாக்கப்பட்டன. ஊர் போன பிறகும் அகதி முகாமில் அதே மெட்டைப் பாடிக் காத்தார்கள். 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் பாலஸ்தீன தப்கே சேர்ந்தது அப்படிக் காத்தவர்களால்தான். அதைக் கொண்டுபோய் ஒரு ஜாஸ் பாட்டின் முன்னுரையில் முப்பது வினாடி "கிழக்கு வாசனை"க்காக வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

நாணற்குழல்:
முப்பது வினாடி வாசனை எனக்கும் பிடிக்காது. அதில் சண்டையே இல்லை.

ஆனால் ஒரு திருத்தம் அக்கா. தப்கே வளையத்தின் குழல்கள் ஷப்பாபா, மிஜ்விஸ், யர்கூல் (முன்னே சொன்ன அர்கூல்தான்). நேய் பெரும்பாலும் நகரத்து வாத்தியம், ஊத், கானூனோடு உட்கார்ந்து வாசிப்பது. ஆக, நேயில் தல்ஊனா வாசித்த அன்றே மெட்டு வளையத்தை விட்டு மேடைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர்கள் அந்த மண்ணின் ஆட்கள்.

கலப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்கள்தானே? 1980-ல் ஜெருசலேமில் தொடங்கிய சப்ரீன் குழு ஊத்தையும் கானூனையும் வைத்துக்கொண்டே புது வடிவம் தேடியது. தர்ஷீஹாவில் பிறந்த சைமன் ஷாஹீன் தன் கந்தரா குழுவில் அரபு இசையையும் ஜாஸையும் சேர்த்தார். 2001-ல் வந்த அவர்களுடைய தட்டில் நேய் ஊதியவர் லெபனானின் பஸ்ஸாம் சபா. அவர் மேற்கத்தியப் புல்லாங்குழலும் முறையாகக் கற்றவர். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாளக்காரன்:
ஸ்வரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தப்கேயில் அடிப்படைக் கால்வைப்பு ஆறு எண்ணிக்கை, கீழே தாளம் நான்கு. இரண்டும் விலகி விலகிப் போய்ச் சேரும். ஜாஸ் டிரம்மர் ஒருவர் பிடித்து விளையாட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் முதலில் அந்த ஆட்டத்தை அவர் காலால் கற்க வேண்டும்.

கானல்வரி:
காலால் கற்பது என்று சொன்னீர்களே, அதுதான் நான் கேட்பது. ஜாஸ்காரர்கள் அந்த வளையத்துக்குள் வரட்டும். குழல் மட்டுமே எப்போதும் கிளப்புக்குப் போகிறது.

சப்ரீன் விஷயத்தில் நாணற்குழல் சொல்வது சரி, அவர்களை நான் தடுக்க முடியாது, தடுக்கவும் ஆசையில்லை. ஆனால் அந்த இரண்டாம் ஸ்வரத்தை விட்டுக்கொடுக்கும் எதையும் நான் ஏற்க மாட்டேன்.

கட்டைவிரல்:
நான் ஏற்கச் சொல்லவில்லை. என் நண்பன் ஒருவன் நேய் பழகுகிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை தல்ஊனாவை டி-யில் எடுத்து, இடது கையில் டி-யும் ஏ-யும் மட்டும் வைத்து வாசித்துப் பதிவை இங்கே போடுகிறேன். ஈ எங்கேயாவது கேட்டால் நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.

கானல்வரி:
போடுங்கள். ஹெட்போன் மாட்டிக் கேட்கிறேன்.