விரால் அடிக்குது, மாட்ட மாட்டேங்குது – சனிக்கிழமைக்குள்ள யாராவது வழி சொல்லுங்க

ஒத்தத்தூண்டில்:
வணக்கம் மக்களே. சென்னையில வேலை. பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சிருக்குன்னு போன வாரக் கடைசியில மேலூர் பக்கம் எங்க ஊருக்குப் போனேன். பையில துணியைவிட தூண்டில் சாமான்தான் அதிகம். பெரியம்மா பார்த்ததுமே, "பெரியப்பாவப் பாக்க வந்தியா, கம்மாயப் பாக்க வந்தியா?"ன்னு கேட்டுட்டாங்க. ரெண்டுக்கும்தான்.

ஒன்பது மணிக்குப் பெரியப்பாவுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடணும், அது என் வேலை. அதனால விடியக்காலம் அஞ்சே முக்கால்ல இருந்து எட்டரை வரைதான் கம்மாய். மீன்பாசி குத்தகை எடுத்தவர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கிட்டேன். ராடைப் பார்த்துச் சிரிச்சிட்டு, "நீ என்னத்தப் புடிச்சிரப் போற, போ"ன்னு விட்டுட்டார். அவர் வாக்கு பலிச்சிருச்சு.

ரெண்டு நாள்ல ஏழு தடவை விரால் அடிச்சுச்சு. அல்லி இலைக்கு நடுவுல ஃபிராக்கை (தவளை மாதிரி இருக்குற ரப்பர் பொய் இரை) இழுத்துட்டு வரும்போது 'டொப்'புனு தண்ணி வெடிக்குது, உடனே ராடைச் சுண்டுறேன், ஃபிராக் என் மூஞ்சிக்கு நேரா பறந்து வருது. ஏழு தடவையும் இதே கதை. கழுங்குப் பக்கம் (கம்மாய் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற இடம்) மட்டும் ஒரே இடத்துல நாலு அடி. அங்க தூறல் விழுற மாதிரி தண்ணி பொரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, செவப்பா பொடிமீன் கூட்டம். அதைத் தின்ன விரால் வருதுன்னு அங்கேயே ஒரு மணி நேரம் எறிஞ்சேன்.

சாமான்: ஏழடி மீடியம் ராடு, 3000 ரீல், 0.35 மி.மீ. மோனோ நரம்பு (ஒத்தை இழை நைலான்), ரெட்டை முள் ரப்பர் ஃபிராக். ஞாயித்துக்கிழமை பெரியம்மா புளியைக் கரைச்சு வச்சிட்டுக் காத்திருந்தாங்க. கடைசியில கத்திரிக்காயைப் போட்டாங்க. வர்ற சனிக்கிழமை மறுபடி போறேன். எங்க தப்பு?

தக்கைதாசன்:
முள்ளு மொன்னையா இருக்கும் ப்ரோ. புதுசு மாத்துங்க.

ஒத்தத்தூண்டில்:
போன மாசம் வாங்கினதுதான் ப்ரோ. இறங்குறப்போ என் பேண்ட்லயே ரெண்டு தடவை மாட்டுச்சு, கூருக்குக் குறைவில்ல.

கம்மாக்கரை:
தம்பி, அந்தச் செவப்புப் பொடிமீன் எவ்வளவு நீளம் இருந்துச்சு? கூட்டமா மேல வந்துட்டு, கூட்டமாவே உள்ள போச்சா?

ஒத்தத்தூண்டில்:
ஆமாண்ணே, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெருசு. மேல வர்றதும் போறதும் ஒன்னாத்தான். பாய் விரிச்ச மாதிரி ஒரு வட்டம்.

கம்மாக்கரை:
அது இரை இல்ல தம்பி, விரால் குஞ்சு. மழை பேஞ்சு கம்மாய்ல புதுத்தண்ணி வந்ததும் விரால் குஞ்சு பொரிச்சிரும். சின்னதுல செவப்பா இருக்கும், வளர வளர அந்த நிறம் போயிரும். மூச்சு விட எல்லாம் சேர்ந்து மேல வர்றதைத்தான் நீங்க தூறல்னு பார்த்திருக்கீங்க. ஆயியும் அப்பனும் அடியில நின்னு காவல் காக்கும். ஃபிராக் மேல போனா, தின்னுறதுக்கு அடிக்காது, விரட்டுறதுக்கு மூக்கால இடிக்கும். வாயைத் திறக்காத மீனுக்கு எந்த முள் மாட்டும்?

மாட்டினாலும் அதைப் புடிக்காதீங்க. தாய் போயிட்டா குஞ்சு அத்தனையும் ஜிலேபி மீனுக்கும் கெளுத்திக்கும் தீனி. எங்க ஊர்ல அப்பிடிப் புடிச்சா கம்மாக்கரையிலயே வைவாங்க, நானும் சின்ன வயசுல வாங்கியிருக்கேன். ஆக உங்க ஏழுல நாலு கணக்குலயே வராது. மிச்சம் மூணைப் பத்தித்தான் பேசணும்.

அதுல தப்பு உங்க கையில இருக்கு. சத்தம் கேட்டதும் சுண்டுறீங்க பாருங்க, அதுதான். இலைக்கு அடியில இருந்து வர்ற மீன் ஃபிராக்கை வாங்கித் திரும்பக் கொஞ்சம் நேரம் வேணும். சத்தம் கேட்டா ராடு நுனியை மீன் பக்கம் இறக்குங்க, தொய்வு நரம்பைச் சுத்துங்க, கையில கனம் தெரிஞ்ச பிறகு இழுங்க. கனம் தெரியலையா? ஃபிராக்கை அங்கேயே அசையாம விடுங்க, திரும்பி வந்து வாங்கும்.

இன்னொன்னு. ஃபிராக்கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அமுக்கிப் பாருங்க. ரெண்டு முள் நுனியும் வெளிய வரணும். வரலைன்னா ரப்பர் கெட்டி, விரால் கடிச்சாலும் அப்பிடித்தான். முள்ளைக் குறடால ஒரு நெல்மணி அளவு வெளிப்பக்கமா விரிச்சு விடுங்க. ரொம்ப விரிச்சா அல்லித்தண்டு ஒவ்வொன்னும் மாட்டும். உள்ள தண்ணி ஏறியிருந்தா அப்பப்போ பிதுக்கி விடுங்க, கனத்துப் போன ஃபிராக் மேல நடக்காது, பின்பக்கம் அமுங்கிரும்.

தஞ்சை மீனவன் பேரன்:
அண்ணன் சொன்னதோட நரம்பையும் மாத்துங்க. இருபது மீட்டர் தள்ளி நிக்குற மீனுக்கு மோனோ ரப்பர் மாதிரி இழுபடும், நீங்க சுண்டுன வேகத்துல பாதி அங்க போய்ச் சேராது. விரால் மேல்வாய் எலும்பு. முப்பது பவுண்டு பிரெய்டு (பல இழை சேர்த்துப் பின்னுன நரம்பு, இழுபடாது) போடுங்க. இருக்குற மோனோவை முழுசாக் கழட்ட வேணாம், ஸ்பூல்ல அடியில கொஞ்சம் விட்டுட்டு அது மேல பிரெய்டைச் சுத்துங்க. வெறும் ஸ்பூல்ல சுத்துனா பிரெய்டு வழுக்கும். ஃபிராக்கைக் கட்ட 'பாலோமர்'ங்கிற முடிச்சு போதும், ஈரப்படுத்தி இறுக்குங்க.

கம்மாக்கரை:
பிரெய்டு நல்லதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா நான் இத்தனை வருசம் மூங்கில் கம்புலயும் தங்கூசி நரம்புலயும் விரால் எடுத்திருக்கேன். கை பொறுத்தாப் போதும். காசு இருந்தா மாத்தட்டும்.

தஞ்சை மீனவன் பேரன்:
அண்ணே, மூங்கில் கம்புல நீங்க பத்தடிக்குள்ள நிப்பீங்க. தம்பி இருபது மீட்டர் எறியுறார். ரெண்டும் ஒன்னா?

கம்மாக்கரை:
அது சரி. ஒத்துக்கிறேன்.

நெல்லைக்காரி:
தனியா போறீங்க, அதனால இதையும் சொல்லிடுதேன். கரையில நின்னே எறிங்க, இலைக்குள்ள மாட்டுன ஃபிராக்கை எடுக்கேன்னு இறங்கிராதீங்க. சீமைக்கருவேல முள் சேத்துக்குள்ள மட்டமா கிடக்கும், செருப்பையும் தாண்டிக் குத்தும். எங்க வீட்ல அண்ணன் அப்படி இறங்கி ஒரு வாரம் நொண்டுனான். எந்தக் கரைக்குப் போறீங்கன்னு பெரியம்மாட்ட சொல்லிட்டுப் போங்க.

ஒத்தத்தூண்டில் (ஞாயிறு இரவு):
போயிட்டு வந்துட்டேன். கழுங்குப் பக்கம் போகவே இல்ல. எதிர்க்கரை, ரெண்டாவது மடைக்குப் பக்கம். என் ஃபிராக்கை அமுக்கிப் பார்த்தா ஒரு முள்தான் வெளிய வந்துச்சு, குறடால சரி பண்ணேன். பிரெய்டும் மாத்தியாச்சு.

சனிக்கிழமை முதல் அடி, பழக்கதோஷம், சுண்டிட்டேன். போச்சு. ரெண்டாவது அடிக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ராடை இறக்கினேன். நரம்பு பக்கவாட்டுல மெதுவா நகர்ந்துச்சு, அதுக்கப்புறம்தான் கனம். இழுத்தேன். அல்லிக்கொடி ஒரு கூடை அளவுக்கும் அதுக்குள்ள ஒரு விராலும் கரைக்கு வந்துச்சு. வீட்டுத் தராசுல ஒன்னே கால் கிலோ.

ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கையில வீட்டுக்கு ஓடினேன். கையை ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் பெரியப்பா மருந்தை வாங்கிக்க மாட்டேன்னுட்டார். "மொதல்ல கவிச்சி போகட்டும், பெரியம்மாவ விடச் சொல்லு." நான் வாளியில விட்டிருந்த விரால் அதுக்குள்ள துள்ளி முற்றத்துல கிடந்துச்சு, கோழியெல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை. பெரியம்மா சாம்பல் போட்டுக் கல்லுல உரசி, வழுவழுப்பு போக அலசி, அன்னைக்கு மத்தியானமே குழம்பு. பெரியப்பாவுக்குத் தலைப்பக்கம் போச்சு.

ஒரு சந்தேகம் பாக்கி. அடுத்த தடவை மீனை உயிரோட வீடு வரைக்கும் கொண்டுபோக எது நல்லது? வாளி சரிப்பட்டு வரல.

கம்மாக்கரை:
சணல் சாக்கை நனைச்சு அதுக்குள்ள போட்டு வாயைக் கட்டுங்க. விரால் வெளிக்காத்தையும் மூச்சா வாங்கும், சாக்கு காயாம இருந்தா மணிக்கணக்கா கிடக்கும். தண்ணி ஊத்த வேணாம்.