பேக்கப்பில் இருந்து எடுத்த விஎம் ஆன் ஆகவில்லை, அவசரம்!!

கரண்ட்கட்: புது லேப்டாப்பில் விஎம்-ஐப் (விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டேன். ஸ்டார்ட் கொடுத்தால் எரர் வந்து நின்றுவிடுகிறது. உள்ளே டேலி இருக்கிறது, நாளைக்கு ஆடிட்டர் வருகிறார். உடனே யாராவது சொல்லுங்கள்.

சிலந்தி: விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா? எரரில் என்ன எழுதியிருக்கிறது?

பழைய_பென்டிரைவ்: ரேம் பிரச்சினைதான். 2 ஜிபி ஆக்கிப் பாருங்க.

கரண்ட்கட்: விர்ச்சுவல்பாக்ஸ். ரேம் மாற்ற விடவில்லை, அந்தக் கட்டமே மங்கலாகக் கிடக்கிறது.

சிலந்தி: அப்படியென்றால் விஎம்-ஐ ஷட்டவுன் செய்யாமல், ஓடிய நிலையிலேயே உறையவைத்த 'சேவ்டு' நிலையில் காப்பி எடுத்திருக்கிறீர்கள். பழைய லேப்டாப்பின் சிபியூ இன்டெல், புதியதில் ஏஎம்டி ரைசனா?

கரண்ட்கட்: ஆமாம். எப்படித் தெரியும்?

ரூட்டு_தலைவன்: இதைக்கூட முதல் பதிவில் எழுதமாட்டீர்களா? ஷட்டவுன் செய்யாமல் காப்பி எடுப்பதற்குப் பெயர் பேக்கப் இல்லை. லாக் ஃபைலைப் போடுங்கள், பிறகு பேசலாம்.

சிலந்தி: தம்பி, அந்தப் பேச்சை விடுங்க. சேவ் செய்யும்போது ரேமில் இருந்ததெல்லாம் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் .சாவ் ஃபைலாகப் போகும். அது பழைய சிபியூவை எதிர்பார்க்கும். பழைய லேப்டாப் கையில் இருந்தால் அதில் திறந்து ஒழுங்காக ஷட்டவுன் செய்து, மறுபடி காப்பி எடுப்பதுதான் நல்லது.

கரண்ட்கட்: எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

சிலந்தி: சரி. முழு ஃபோல்டரையும் இன்னொரு இடத்தில் காப்பி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வலது கிளிக், 'டிஸ்கார்ட் சேவ்டு ஸ்டேட்'. ஓடும்போது கரண்ட் போன மாதிரிதான் விண்டோஸ் எழும். சேமிக்காத என்ட்ரி போய்விடும், டிஸ்கில் எழுதியது இருக்கும்.

டக்ஸ்_ரசிகன்: லினக்ஸில் விஎம் ஓட்டும் கேவிஎம்-க்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சிலந்தி: அங்கே இதைவிட மோசம். மேனேஜ்டுசேவ் (அங்கே சேவ்டு நிலைக்கு அதுதான் பெயர்) செய்தால் ரேம் /வார்/லிப்/லிப்விர்ட்/கியூஎம்யு/சேவ்-க்குப் போகும், டிஸ்க் வழக்கமாக இமேஜஸ் ஃபோல்டரில். இமேஜஸை மட்டும் பேக்கப் எடுப்பவர்கள்தான் அதிகம். பழைய டிஸ்கை ரீஸ்டோர் செய்துவிட்டு சேவ் ஃபைலை அழிக்காமல் ஸ்டார்ட் கொடுத்தால், சேவ் ஃபைலில் இருக்கும் புதிய ரேம் நிலை பழைய டிஸ்கின் மேல் எழுதும். ஃபைல்சிஸ்டம் காலி. முதலில் மேனேஜ்டுசேவ்-ரிமூவ் கமாண்ட் கொடுக்கவேண்டும்.

டக்ஸ்_ரசிகன்: அது ஆள் செய்யும் தப்பு, கேவிஎம் தப்பில்லை.

ரூட்டு_தலைவன்: ஸ்னாப்ஷாட்டையும் (விஎம்-இன் ஒரு நேரத்து நிலையைக் குறித்து வைப்பது) பேக்கப் என்று நம்புகிற ஊர் இது.

பழைய_பென்டிரைவ்: வேறு டிஸ்கில் காப்பி செய்தால் ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்தானே?

ரூட்டு_தலைவன்: அதில் மாற்றங்கள் மட்டும்தான் இருக்கும். மூலமான தாய் டிஸ்க் இல்லாமல் அந்த ஃபைலை வைத்து என்ன செய்வீர்கள்?

கரண்ட்கட்: வந்துவிட்டது, டிஸ்க் செக் ஓடியது. கடைசி 2 பில் மட்டும் இல்லை. நன்றி அண்ணா.

ரூட்டு_தலைவன்: லாக் ஃபைல்?